பாதி நாட்டோடு மண்ணுக்குள் போனவர்கள்

கேள்வி இதுதான்: கற்பனை உலகக் கதைகளில் வரும் தேவதை இனங்களுக்கு ஏன் பெரும்பாலும் ஒரே மாதிரி பூர்வகதை இருக்கிறது? ஒரு காலத்தில் நாட்டை ஆண்டார்கள், மனிதர்களிடம் தோற்றார்கள், இப்போது மறைந்து வாழ்கிறார்கள். இதற்கு மூலம் எங்கே? சொந்தமாக ஓர் உலகம் படைப்பவர் அதிலிருந்து எதை எடுத்துக்கொள்ளலாம்?

இதற்கு ஒரே மூலம் என்று எதையும் கைகாட்ட முடியாது. ஆனால் இந்தக் கதையை மிக விரிவாகவும் மிக அழகாகவும் எழுதி வைத்தவர்கள் இடைக்கால அயர்லாந்தின் கிறிஸ்தவ அறிஞர்கள். அவர்கள் எழுதிய இனத்தின் பெயர் துவாஹா டே டனான். என்னைக் கேட்டால், கற்பனை வரலாறு எழுத விரும்பும் யாரும் முதலில் படிக்க வேண்டியது இவர்களுடைய கதையைத்தான். நடந்த வரலாறு என்று நம்பும்படி அதை எழுதியிருக்கிறார்கள், ஆனால் முழுக்க முழுக்க இட்டுக்கட்டியது. ஏன் இட்டுக்கட்ட வேண்டியிருந்தது என்பதில்தான் கதையே இருக்கிறது.

கிறிஸ்தவம் 5ஆம் நூற்றாண்டில் அயர்லாந்துக்குள் வந்தது. பழைய தெய்வங்களுக்கான வழிபாடு போயிற்று, கதைகள் போகவில்லை. அந்தக் கதைகளில் வரும் டாக்தா, லூ, நுவாடா, மனனான் போன்றவர்களை இனி எந்தக் கணக்கில் சேர்ப்பது? தெய்வம் என்று சொல்ல முடியாது. பொய் என்று தூக்கி எறியவும் மனமில்லை, அவ்வளவு நல்ல கதைகள். 7ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் டீரெக்கான் என்ற பாதிரியார் எழுதிய, அயர்லாந்தில் கிறிஸ்தவத்தைப் பரப்பிய புனித பேட்ரிக்கின் வரலாற்றில் ஒரு காட்சி வருகிறது. அரசன் லோகரேயின் மகள்கள் இருவர் விடியற்காலையில் ஊற்றுக்குக் குளிக்க வருகிறார்கள். அங்கே பேட்ரிக்கும் அவருடன் வந்த குருமார்களும் வெள்ளை உடையில் உட்கார்ந்திருக்கிறார்கள். இவர்கள் மேட்டுக்குள் வாழும் ஆட்களோ, மண்ணின் தெய்வங்களோ, வெறும் தோற்றமோ என்று அந்தப் பெண்களுக்குக் குழப்பம். அந்த மேட்டை ஐரிஷில் ஷீ என்பார்கள். அதாவது இவர்கள் நாடிழந்த வரலாறு முழுசாக எழுதப்படுவதற்கு ஏறக்குறைய 400 ஆண்டுகளுக்கு முன்பே ‘மேட்டுக்குள் இருப்பவர்கள்’ என்ற நம்பிக்கை இருந்திருக்கிறது. அவர்கள் எப்படி அங்கே போனார்கள் என்பதற்கான விளக்கத்தைத்தான் அறிஞர்கள் பின்னால் கட்டினார்கள்.

அந்த விளக்கம் ஒன்றல்ல. சிலர் பேய்கள் என்றார்கள். டுவான் என்பவரைப் பற்றிய கதையில் வேறொரு பதில்: இவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்பது கற்றவர்களுக்கே தெரியாது, ஆனால் இவர்களுடைய அறிவையும் திறமையையும் பார்த்தால் வானுலகிலிருந்து துரத்தப்பட்டவர்களாக இருக்கலாம். மூன்றாவது பதில், இவர்களும் விவிலியத்தில் வரும் நோவாவின் வழிவந்த மனிதர்களே, மாய வித்தையில் கரைகண்டவர்கள், அவ்வளவுதான். 11ஆம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட ‘லெபோர் கபாலா எரென்’ என்ற பெரிய நூல் இந்த மூன்றாவது வழியில் போயிற்று. அயர்லாந்தை ஒருவர் பின் ஒருவராகக் கைப்பற்றியவர்களின் வரலாறு அது. விவிலியக் காலக்கணக்கோடு ஒட்டவைத்து, பெருவெள்ளத்துக்கு முன்னால் வந்த ஒரு கூட்டத்தில் தொடங்கி ஆறு குடியேற்றங்களைச் சொல்கிறது. துவாஹா டே அதில் ஐந்தாவது. ஆறாவதாக வந்தவர்கள் மீல் என்பவனின் மைந்தர்கள், அதாவது இன்றைய ஐரிஷ் மக்களின் முன்னோர் என்று நூல் சொல்பவர்கள்.

இங்கே பலரும் கவனிக்காமல் தாண்டிப்போகும் ஒரு விஷயம் இருக்கிறது. துவாஹா டே நாட்டை இழப்பதற்கு முன்பே நாடிழந்தவர்களின் வாரிசுகள். மூன்றாவதாக வந்த நெமெடின் கூட்டம், ஃபோமோரியர் என்ற கடல் கடந்த கொடுங்கோலர்களுக்குக் கப்பம் கட்டித் தாங்காமல், அவர்களுடைய கோபுரத்தைத் தாக்கி, கடைசியில் 30 பேராகச் சிதறிப் போனது. அதில் ஒரு கிளை கிரேக்கத்துக்குப் போய் அடிமைகளாக மண் சுமந்து, பிறகு ஃபிர் போல்க் என்ற பெயரில் திரும்பியது. இன்னொரு கிளை உலகின் வடக்குத் தீவுகளுக்குப் போய் மாயமும் கலையும் கற்றுத் திரும்பியது. அதுதான் துவாஹா டே. ஆக, அவர்கள் அயர்லாந்தில் முதலில் போரிட்டது சொந்தப் பங்காளிகளோடு. தோற்கடிக்கப்பட்ட பங்காளிகளும் தீவுகளுக்குத் துரத்தப்பட்டார்கள். இந்த வரலாற்றில் நாட்டை இழக்காதவர் என்று யாரும் இல்லை. அப்பாவிகளை அயலார் விரட்டிய கதை என்று நினைத்துப் படித்தால் பாதி விஷயம் கைநழுவிப் போய்விடும்.

வடக்கில் அவர்கள் கற்ற நகரங்கள் நான்கு: ஃபாலியாஸ், கோரியாஸ், ஃபின்டியாஸ், முரியாஸ். நகரத்துக்கு ஒன்றாக நான்கு செல்வங்கள் வந்தன. உண்மையான அரசன் மிதித்தால் அலறும் கல், லூவின் ஈட்டி, நுவாடாவின் வாள், யாரையும் பசியோடு அனுப்பாத டாக்தாவின் கொப்பரை.

அவர்கள் வந்திறங்கிய காட்சி எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு மரபின்படி கருமேகங்களில் வந்து கானக்ட் பகுதியில் ஒரு மலைமேல் இறங்கினார்கள், மூன்று நாள் சூரியன் மறைந்தது. இன்னொரு மரபின்படி கப்பல்களில்தான் வந்தார்கள். திரும்பி ஓடும் எண்ணமே யாருக்கும் வரக்கூடாது என்று கரை இறங்கியதும் கப்பல்களைக் கொளுத்திவிட்டார்கள். அந்தப் புகை நாட்டை மூடியதால்தான் மேகத்தில் வந்தார்கள் என்ற பேச்சு உண்டானது என்று ‘மாக் டூரெட் போர்’ என்ற கதை விளக்குகிறது. இப்படியொரு பகுத்தறிவு விளக்கத்தைக் கதைக்குள்ளேயே வைத்திருப்பதைக் கவனியுங்கள். வானத்தில் வந்த தெய்வத்தைக் கப்பலில் வந்த மனிதனாக மாற்றுகிறார்கள், ஆனால் மேகத்தையும் கைவிடவில்லை. வாசகர் எதை வேண்டுமானாலும் நம்பிக்கொள்ளலாம். கற்பனை வரலாற்றை உண்மையான வரலாறு போல ஒலிக்கவைப்பது இந்த இரட்டைச் சாட்சிதான். ஒரே குரலில் சொல்லப்படும் பூர்வகதை எவ்வளவு அழகாக இருந்தாலும் அறிவிப்புப் பலகை வாசகம் போலத் தட்டையாக இருக்கும்.

ஃபிர் போல்க்குடன் நடந்த முதல் போரில் அரசன் நுவாடா ஒரு கையை இழந்தான். ஊனமுள்ளவன் அரசாளக்கூடாது என்பது விதி. மருத்துவன் டியான் கெக்ட் அவனுக்கு வெள்ளியில் அசையும் கை செய்து பொருத்தினான். அப்புறம் அந்த மருத்துவனின் மகன் மியாக் வந்து, வெட்டுண்ட கையையே மூட்டுக்கு மூட்டு, நரம்புக்கு நரம்பு பொருத்தி உயிர் கொடுத்துவிட்டான். அப்பனுக்குப் பொறுக்கவில்லை. மகனின் தலையில் வாளால் வெட்டினான். மூன்று முறை வெட்டியும் மகன் தன்னையே குணப்படுத்திக்கொண்டான், நான்காம் வெட்டில் செத்தான். புதைத்த இடத்தில் அவன் உடலின் மூட்டுகளுக்கும் நரம்புகளுக்கும் சரியாக 365 மூலிகைகள் முளைத்தன. சகோதரி ஆர்மெட் தன் மேலாடையை விரித்து, ஒவ்வொரு மூலிகையையும் அதன் குணத்துக்கு ஏற்றபடி வகை பிரித்து வைத்தாள். டியான் கெக்ட் வந்து எல்லாவற்றையும் கலைத்துவிட்டான். எந்த மூலிகை எதற்கு என்ற அறிவு அன்றோடு போயிற்று என்கிறது கதை.

நாடிழந்த இனம் என்றாலே எல்லாத் தீங்கும் வெளியிலிருந்து வந்ததாக எழுதிவிடுவார்கள். இந்தக் கதை அப்படிச் செய்யவில்லை. அந்த இனம் தன் மிகப் பெரிய செல்வத்தை எதிரியிடம் இழக்கவில்லை. ஒரு தகப்பனின் பொறாமையில் இழந்தது. நுவாடாவுக்குப் பதிலாக அரசனாக்கப்பட்ட பாதி ஃபோமோரியன் ப்ரெஸ், வந்தவர்களுக்கு ஒரு வாய் உணவுகூடக் கொடுக்காத கருமி. அவனைத் துரத்தியதால் இரண்டாம் போர் வந்தது, லூ தன் தாய்வழிப் பாட்டன் பலோரின் கொல்லும் கண்ணைக் கவண்கல்லால் அடித்து வீழ்த்தினான். இது எல்லோரும் சொல்லும் வீரக்கதை, அதை விட்டுவிட்டு நாடிழந்த கதைக்கு வருகிறேன்.

தெளிவான ஒரு குளிர்கால மாலையில், ஸ்பெயினில் ஒரு கோபுரத்தின் உச்சியிலிருந்து ஈத் என்பவன் தொலைவில் அயர்லாந்தைப் பார்க்கிறான். கப்பலேறி வருகிறான். அங்கே துவாஹா டேயின் மூன்று அரசர்கள் சொத்துத் தகராறில் இருக்கிறார்கள். வந்தவனையே நடுவராக வைத்துக் கேட்க, அவன் நியாயமாகத் தீர்த்து வைக்கிறான். விடைபெறும்போது நாட்டின் தேனையும் மீனையும் கோதுமையையும் பருவத்தையும் வாயாரப் புகழ்கிறான். இவ்வளவு புகழ்பவன் படையோடு திரும்பி வருவான் என்று சந்தேகப்பட்டு ஆளை அனுப்பிக் கொன்றுவிடுகிறார்கள். அந்தப் பழியைத் தீர்க்கத்தான் அவனுடைய உறவினர்களான மீலின் மைந்தர்கள் வந்தார்கள். தங்களுக்கு நியாயம் சொன்ன விருந்தாளியைக் கொன்றதால் நாடு போயிற்று.

வந்தவர்கள் வழியில் துவாஹா டேயின் மூன்று அரசிகளைச் சந்திக்கிறார்கள்: பன்பா, ஃபோட்லா, எரியூ. நாட்டுக்கு என் பெயர் நிலைக்க வேண்டும் என்று ஒவ்வொருத்தியும் வரம் கேட்கிறாள். எரியூவின் பெயர்தான் ‘எய்ரே’ என்று இன்றுவரை ஐரிஷில் நாட்டின் பெயர். தோற்கப்போகிறவள் வெல்லப்போகிறவனிடம் நிலத்தைக் கேட்கவில்லை, பெயரைக் கேட்கிறாள். மூவரும் போரில் இறந்துபோகிறார்கள், பெயர் இன்னும் தபால்தலையில் இருக்கிறது.

அரசிருக்கையான தாராவில் மூன்று அரசர்களும் அவகாசம் கேட்கிறார்கள். மீலின் மைந்தர்களில் கவிஞனும் நீதிபதியுமான அமெர்கின், தன் தரப்புக்கே பாதகமாகத் தீர்ப்புச் சொல்கிறான்: முன்னறிவிப்பு இல்லாமல் வந்தது தவறு, ஒன்பது அலை தாண்டிக் கடலுக்குள் போய் மறுபடி வருவோம். அப்படிப் போனதும் புயல் எழுகிறது. இது இயற்கைக் காற்றா, மாயக் காற்றா என்று பார்க்க ஒருவன் பாய்மரத்தில் ஏறுகிறான். கொடிமர உச்சிக்கு மேலே காற்றே இல்லை. மாயக்காரர்கள் கிளப்பிய புயல் பாய்மர உயரத்துக்குத்தான் வரும் என்ற இந்த ஒரு தகவலுக்காகவே அந்த எழுத்தாளரைக் கும்பிடலாம். மாயத்துக்கு ஓர் எல்லையை, அளந்து பார்க்கக்கூடிய ஓர் எல்லையை வைத்துவிட்டார். அமெர்கின் நாட்டை நோக்கிப் பாட்டுச் சொல்ல, கடல் அடங்குகிறது. சகோதரர்களில் சிலர் மூழ்கியிருந்தாலும் மற்றவர்கள் கரையேறி, டால்டியு என்ற இடத்தில் வென்றார்கள்.

அடுத்து நடந்ததுதான் இந்த வரலாற்றின் உயிர். தோற்றவர்களை வேறு நாட்டுக்கு விரட்டவில்லை. நாட்டை இரண்டாகப் பிரித்தார்கள், குறுக்கே அல்ல, மேலும் கீழுமாக. உல்ஸ்டர் மாகாண வீரர்களின் கதை ஒன்று, பிரித்தவன் அமெர்கினே என்கிறது: மண்ணுக்கு மேலே மீலின் மைந்தர்களுக்கு, மண்ணுக்குக் கீழே துவாஹா டேக்கு. போகும்போது தங்களில் சிலரை மாகாணத்துக்கு ஐந்து பேராக மேலேயே விட்டுப்போனார்கள், வென்றவர்களுக்குள் சண்டை மூட்டிவிட. இன்னொரு சிறிய கதையில், துவாஹா டே வென்றவர்களின் தானியத்தையும் பாலையும் அழித்துக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் மீலின் மைந்தர்கள் டாக்தாவோடு ஒப்பந்தம் செய்துகொண்ட பிறகுதான் பாலும் விளைச்சலும் திரும்பின. அதாவது வென்றவன் சாப்பிட வேண்டுமானால் தோற்றவனிடம் போய் நிற்க வேண்டும்.

நம் இலக்கியத்திலும் மண்ணுக்கு இறங்கிய வானவர் உண்டு. மணிமேகலையில் வரும் விஞ்சைப் பெண் காயசண்டிகை, முனிவர் ஒருவரின் நாவற்கனியை மிதித்துக் கெடுத்ததால் பறக்கும் மந்திரத்தை மறந்து, 12 ஆண்டு யானைத்தீ என்னும் தீராப் பசியோடு மண்ணில் கிடக்கிறாள். அங்கே சாபத்துக்கு ஆண்டுக்கணக்கு இருக்கிறது, கணவன் காத்திருக்கிறான், திரும்ப ஒரு வீடு இருக்கிறது. துவாஹா டேக்கு இது எதுவும் இல்லை. முடிவுத் தேதி இல்லை. தங்கள் நாட்டுக்குள்ளேயே, தங்கள் வயலுக்குக் கீழேயே, மேலே நடப்பவர்களின் காலடி கேட்கும் தூரத்தில் இருக்கிறார்கள்.

மேடுகளைப் பங்குபோட்டவன் டாக்தா. அவன் மகன் ஓங்கஸ் வந்தபோது பங்கு தீர்ந்துவிட்டது. சரி, உன் வீட்டில் ஒரு பகலும் ஓர் இரவும் தங்கிக்கொள்கிறேன் என்றான். தங்கினான். மறுநாள் கிளம்பச் சொன்னால், உலகமே பகலும் இரவுமாகத்தானே கழிகிறது, நீ கொடுத்ததும் அதுதானே என்று சொல்லி அந்த மாளிகையை நிரந்தரமாக எடுத்துக்கொண்டான். அந்த மாளிகை கதையில் மட்டும் இருக்கும் இடம் அல்ல. பாய்ன் நதிக்கரையில் இருக்கும் ப்ரூ னா போய்ன்யே, இன்று நியூகிரேஞ்ச் என்று அறியப்படும் கல்லறை மேடு. கி.மு. 3200 வாக்கில் கட்டப்பட்டது. 1967 டிசம்பர் 21 அன்று தொல்லியலாளர் எம். ஜே. ஓ’கெல்லி உள்ளே நின்று பார்த்தபோது, வாசலுக்கு மேலே உள்ள திறப்பு வழியாக விடியற்காலைச் சூரியக்கதிர் நீண்ட நடைபாதையைக் கடந்து உள்ளறை வரை வந்தது. ஆண்டின் மிகக் குறுகிய பகலை ஒட்டிய நாட்களில் மட்டும் நடப்பது இது. ஒரு பகலும் ஓர் இரவும் வைத்து வீட்டைப் பிடித்த கதைக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டு என்று நிரூபிக்க வழியில்லை. ஆனால் கதை எழுதியவர்களுக்கு முன்னால் ஏற்கெனவே மூவாயிரம் நாலாயிரம் ஆண்டு பழைய கட்டடங்கள் நின்றன, கட்டியவர் யாரென்று யாருக்கும் தெரியவில்லை, அந்த வெற்றிடத்தில்தான் இந்த இனம் குடியேறியது.

அவர்கள் இறந்தார்களா, இருக்கிறார்களா? இதில் நூல்கள் ஒன்றோடொன்று மோதுகின்றன. 1056இல் காலமான மடத்து அறிஞர் ஃபிளான் மைனிஸ்ட்ரெக் எழுதியதாகச் சொல்லப்படும் கவிதை, துவாஹா டேயில் ஒவ்வொருவரும் எப்படிச் செத்தார் என்று வரிசையாகப் பட்டியல் போடுகிறது. தெய்வம் இல்லை, மனிதர்தான், அதனால் மரணம் உண்டு என்று ஆணி அடிக்கும் முயற்சி. ஆனால் பிற்காலக் கதையொன்றில் கடலின் தலைவன் மனனான் அவர்களுக்கு மூன்று வரங்கள் தருகிறான்: கண்ணுக்குத் தெரியாமல் மறைக்கும் மூடுபனி, உண்டால் முதுமை வராத விருந்து, இன்று கொன்று தின்றாலும் நாளை உயிரோடு நிற்கும் பன்றிகள். யாரும் இந்த முரணைச் சரிசெய்ய முயலவில்லை, அது நம் அதிர்ஷ்டம்.

1200 வாக்கில் எழுதப்பட்ட ‘அகல்லம் நா ஷெனோரக்’ என்ற நூலில் ஒரு காட்சி. ஃபின் என்ற வீரர்படைத் தலைவனின் பழைய வீரன் கைல்டே தள்ளாத கிழவனாகி பேட்ரிக்கோடு ஊர் சுற்றுகிறான். பச்சை மேலாடை அணிந்த ஓர் இளம்பெண் வந்து, தனக்குத் தருவதாகச் சொன்ன சீரைக் கேட்கிறாள். பேட்ரிக்குக்கு வியப்பு, இவள் இவ்வளவு இளமையாக இருக்கிறாள், நீ சுருங்கிக் கிழடாகிவிட்டாயே என்கிறார். கைல்டே பதறாமல் காரணம் சொல்கிறான்: நாங்கள் ஒரே காலத்தவர் இல்லை, அவள் அழியாதவர்களான துவாஹா டேயைச் சேர்ந்தவள், நான் மீலின் மைந்தர்களைச் சேர்ந்தவன், நாங்கள் வாடி உதிர்பவர்கள். நாட்டை வென்ற இனத்தின் வீரன் வாயால் இதைச் சொல்லவைத்திருக்கிறார் எழுதியவர்.

லிரின் பிள்ளைகள் கதையையும் இதோடு சேர்த்துப் படியுங்கள். டால்டியு தோல்விக்குப் பிறகு மிஞ்சியவர்கள் புதிய அரசனைத் தேர்ந்தெடுக்க, தனக்குக் கிடைக்கவில்லையே என்று லிர் முறைத்துக்கொண்டு போகிறான். அந்த மனக்கசப்பிலிருந்து தொடங்கி, சிற்றன்னையின் பொறாமையால் அவனுடைய நான்கு பிள்ளைகள் அன்னங்களாகி, மூன்று நீர்நிலைகளில் 300, 300, 300 என்று 900 ஆண்டுகள் கழிக்கிறார்கள். பேச்சும் பாட்டும் மட்டும் அவர்களிடம் மிச்சம். கடைசியில் தங்கள் வீடு இருந்த இடத்தின் மேல் பறந்து பார்க்கிறார்கள், புல்லும் முள்ளும்தான் இருக்கின்றன. மேடுகளுக்குள் அழிவில்லை என்று சொன்ன அதே மரபு, கூரையற்ற வீட்டையும் காட்டிவிடுகிறது.

பின்னாளில் நாட்டார் வழக்கில் இவர்கள் மெல்லச் சுருங்கினார்கள். அரசர்களும் போர்களும் மறந்துபோய், பெயர் சொல்ல அஞ்சும் ‘நல்லவர்கள்’ ஆனார்கள். முதல் ஆயிரமாண்டின் பிற்பாதியில் உழவர்கள் வீட்டைச் சுற்றிக் கட்டிய வட்டக் கரைகள் அயர்லாந்தில் 40,000க்கும் மேல் உண்டு. அவையெல்லாம் இவர்களுடைய கோட்டை என்று கருதப்பட்டதால் பல தப்பிப் பிழைத்தன, கை வைக்க யாருக்கும் துணிவில்லை. 1999இல் கிளேர் மாவட்டத்தின் லட்டூனில் நெடுஞ்சாலைக்காக ஒரு முட்புதர் மரம் வெட்டப்பட இருந்தது. தேவதைகள் போருக்குப் போகும் வழியில் கூடும் இடம் அது என்று கதைசொல்லி எடி லெனிஹன் எழுப்பிய குரலால் மரம் தப்பியது. தோற்றுப்போன ஓர் இனம், அதுவும் இல்லாத ஓர் இனம், தன் நிலத்தின் மேல் இன்னும் செலுத்தும் உரிமை அது.

சரி, சொந்த உலகம் படைப்பவருக்கு வருகிறேன். போரை விரிவாக எழுதாதீர்கள், டால்டியு போரை மூல நூலே சில வரிகளில் முடித்துவிடுகிறது. அதற்குப் பதிலாக ஒப்பந்தத்தை எழுதுங்கள். எந்த எல்லை, யார் பிரித்தது, தோற்றவர்கள் கையில் மிஞ்சியிருக்கும் பாலும் தானியமும் எது? வென்றவர்கள் அதைப் பெற என்ன கொடுக்க வேண்டியிருக்கிறது? இதற்குப் பதில் இருந்தால் இரு இனமும் ஒவ்வொரு தலைமுறையிலும் சந்தித்தே தீர வேண்டும், கதைகள் தானாக வரும். பதில் இல்லாவிட்டால் உங்கள் தேவதைகள் காட்டுக்குள் போய்ப் பாட்டுப் பாடிக்கொண்டிருப்பார்கள், அவர்களைத் தேடிப் போக உங்கள் நாயகனுக்குக் காரணமே இருக்காது.

அடுத்து, அந்த வரலாற்றை உங்கள் உலகத்தில் யார் எழுதுகிறார்கள் என்பதை முடிவு செய்யுங்கள். துவாஹா டேயின் வரலாற்றை எழுதியவர்கள் தங்களை மீலின் வழிவந்தவர்களாகக் கருதிய கிறிஸ்தவர்கள். தோற்றவர்களை அழிக்கவும் வேண்டியிருந்தது, காப்பாற்றவும் ஆசை இருந்தது. ஒரே கையெழுத்துப் பிரதியில் பேய் என்றும், வானிலிருந்து வந்தவர் என்றும், நோவாவின் பேரர் என்றும் எழுதியது அந்தத் தவிப்பினால்தான். உங்கள் வரலாற்றாசிரியருக்கும் அப்படியொரு தவிப்பைக் கொடுங்கள். அவர் எதை மறைக்க விரும்புகிறார், எந்த வரியில் தன்னையறியாமல் தோற்றவர்களின் பக்கம் சாய்கிறார் என்று தெரிந்த பிறகு முதல் பக்கத்தைத் தொடங்குங்கள்.